பித்த நாளத்துக்குள் ஒரு கேமரா: படம் எங்கே கலங்குகிறது?

திரையில் முதலில் தெரிவது ஒரு மஞ்சள் மூட்டம், அவ்வளவுதான். எது சுவர், எது குழாயின் நடுப்பகுதி என்று ஒன்றும் பிடிபடாது. யாரோ சலைன் (மருத்துவ உப்புநீர்) பம்பின் மிதியை அழுத்துகிறார்கள். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. சில துணுக்குகள் கேமராவை உரசிக்கொண்டு மிதந்து போகின்றன. இன்னும் சில நொடிகளில், வெளிர் இளஞ்சிவப்பில் வழவழப்பான ஒரு சுவர் மெல்ல எழுந்து வருகிறது. அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோடுகள் வலை பின்னியிருக்கின்றன. பித்த நாளத்தின் உட்புறம் இதுதான்.

சற்று முன்பு இருந்த அதே கேமரா, அதே விளக்கு, அதே திரை. மாறியது நடுவில் இருந்த நீர் மட்டும்.

படத்தின் தரம் என்றதும் நமக்குப் பிக்சல் கணக்குதான் நினைவுக்கு வரும். கைபேசி வாங்கிப் பழகிய பழக்கம். பித்த நாளத்துக்குள் பார்க்கும் பரிசோதனையில், அதாவது கொலாஞ்சியோஸ்கோப்பியில், அது பாதிக் கதைதான். மீதிப் பாதி லென்ஸுக்கும் சுவருக்கும் இடையில் நடக்கிறது. ஒளி விளக்கிலிருந்து கிளம்பி, சுவரில் பட்டுத் திரும்பி, திரைக்கு வந்து சேரும்வரை எங்கெங்கே கெடுகிறது என்று பின்தொடர்ந்து போனால் விஷயம் எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் பித்த நாளம். பெரியவர்களுக்கு அதன் உள் அகலம் சாதாரணமாக 6, 7 மி.மீ.க்குள் இருக்கும். கல்லோ கட்டியோ அடைத்தால் மேற்பகுதி வீங்கி இன்னும் அகலமாகும். அதற்குள் நேராக நுழைய வழி கிடையாது. வாய், உணவுக்குழாய், இரைப்பை எல்லாம் தாண்டி முன்சிறுகுடலுக்கு ஓர் எண்டோஸ்கோப் (உடலுக்குள் பார்க்க உதவும் வளையும் குழாய்) போக வேண்டும். அங்கே சுவரில் சிறு மொட்டுப்போல ஒரு திறப்பு இருக்கும். பித்தநீர் குடலுக்குள் வந்து விழும் வாசல் அது. முதல் ஸ்கோப் அந்த வாசலுக்கு எதிரே நின்றுகொள்ள, அதன் உள்ளிருக்கும் 4.2 மி.மீ. பாதை வழியாக இன்னொரு மெல்லிய ஸ்கோப் கிளம்பி நாளத்துக்குள் நுழைகிறது. இந்த ஏற்பாட்டுக்குத் தாய்–சேய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

எக்ஸ்-ரே இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நாளத்துக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்-ரேயில் பார்க்கும் ஈ.ஆர்.சி.பி. முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது; இன்றும் முதல் படி அதுதான். ஆனால் அது காட்டுவது நிழலை. இந்த இடத்தில் குழாய் குறுகியிருக்கிறது என்று சொல்லும். அது பழைய புண் ஆறிய தழும்பா, புற்றுநோயா என்று சொல்லாது. சாயத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு காற்றுக் குமிழி நிழலில் கல் மாதிரியே உருண்டையாகத் தெரியும். நேரில் பார்த்தால்தான் சந்தேகம் தீரும்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

1970-களில் வந்த முதல் கருவிகளின் முனையில் கேமராவே கிடையாது. மிக மெல்லிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரே கட்டாக ஓடும். ஒவ்வோர் இழையும் எதிரே உள்ள ஒரே ஒரு புள்ளியின் வெளிச்சத்தையும் நிறத்தையும் மறுமுனைக்குச் சுமந்து வரும். எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தால் படம். இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒளியைக் கடத்தாது. அதனால் படம் முழுக்கத் தேனடை போல ஒரு வலைக்கோடு படிந்திருக்கும். ஸ்கோப் வளையும் இடத்தில் ஓர் இழை முறிந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும், அது பிறகு போகவே போகாது. தாய் ஸ்கோப்பின் முனையில் சேயை வளைத்துத் தூக்கிவிட ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. முறிவது பெரும்பாலும் அங்கேதான். போதாததற்கு, இரண்டு ஸ்கோப்பையும் பிடிக்க இரண்டு மருத்துவர்கள் வேண்டும்.

2007-ல் பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனத்தின் ஸ்பைகிளாஸ் என்ற சேய் ஸ்கோப் கருவி வந்ததும் ஒரே மருத்துவர் இரண்டையும் இயக்க முடிந்தது. அது பெரிய மாற்றம். ஆனால் படம் அப்போதும் இழைக்கட்டின் வழியாகத்தான் வந்தது. இழைகளின் எண்ணிக்கை சுமார் 6000. வரிசைக்கு 80 புள்ளி, மொத்தம் 75 வரிசை என்று அடுக்கிப் பாருங்கள், 6000 ஆகிவிடும். பழைய கைபேசிகளில் இருந்த 640க்கு 480 கேமராவிலேயே மூன்று லட்சம் புள்ளிகளுக்கு மேல் இருந்தன.

இந்த 80 புள்ளியை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 10 மி.மீ. அகலமுள்ள ஓர் இடத்தைப் பார்க்கிறோம் என்றால், ஒரு புள்ளியின் பங்குக்கு 0.125 மி.மீ. வரும். இரண்டு கோடுகளை இரண்டு என்று காட்ட, நடுவில் வெற்றாக ஒரு புள்ளியாவது வேண்டும். ஆகவே கால் மி.மீ.க்குள் நெருங்கி ஓடும் இரண்டு ரத்தக்குழாய்கள் ஒன்றாக ஒட்டித்தான் தெரியும். பிரிதிறன் என்று இயற்பியல் பாடத்தில் படித்தது இதைத்தான். நெருங்கிப் போனால் பிரிதிறன் கூடும், 5 மி.மீ. அகலத்தை மட்டும் பார்த்தால் அதே புள்ளிக்கு 0.06 மி.மீ. தான் பங்கு. ஆனால் நெருங்கப் போனால் வேறு வம்பு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

2015-ல் அந்தக் கருவி டிஜிட்டலாக மாறியது. இழைக்கட்டு போய், முனையிலேயே ஒரு குட்டி சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, உட்கார்ந்தது. தேனடை மறைந்தது, முறிந்த இழையின் கரும்புள்ளியும் போயிற்று. மூன்று ஆண்டுகளில் பிரிதிறனை இன்னும் கூட்டி அடுத்த பதிப்பும் வந்தது. இந்த ஸ்கோப் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது. கழுவிக் கழுவி லென்ஸ் மங்கும் தொல்லை இல்லை என்பது அதில் ஒரு லாபம். தூக்கிப்போடும் பொருளில் விலை உயர்ந்த சென்சாரை வைக்க முடியாது என்பது அதன் மறுபக்கம்.

பெரிய சென்சாரை வைத்தால் என்ன? இடம் வேண்டுமே! சேய் ஸ்கோப்பின் வெளிக் குறுக்களவே சுமார் 3.5 மி.மீ. தான். அதற்குள் திசுவைக் கிள்ளும் இடுக்கியோ கல்லை உடைக்கும் லேசர் இழையோ போக 1.2 மி.மீ. பாதை, நீர் பாய இரண்டு துளைகள், ஒளி கொண்டுவரும் இழைகள், முனையை நான்கு திசைக்கும் இழுக்கும் கம்பிகள். இவ்வளவும் போக மிஞ்சிய இடத்தில்தான் லென்ஸும் சென்சாரும். சின்ன சென்சாரில் புள்ளிகளைத் திணிக்கத் திணிக்க ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்துகொண்டே போகும். குறைந்த ஒளியை மின்னணு முறையில் ஊதிப் பெருக்கினால் படத்தில் மணல் தூவியது போலப் பொரிப்பொரியாக வரும். ஆக, பிக்சல் கூடினால் படம் கூடும் என்பது வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் மட்டும் செல்லும் கணக்கு.

பார்வைக் கோணத்திலும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. பழைய இழைக் கருவியின் கோணம் 70 பாகை. டிஜிட்டலில் 120. முனைக்கு 3 மி.மீ. எதிரே ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 70 பாகையில் அதில் சுமார் 4 மி.மீ. அகலம் தெரியும், 120 பாகையில் 10 மி.மீ.க்கு மேல் தெரியும். குறுகலான குழாய்க்குள் இது பெரிய வரம், நான்கு பக்கச் சுவரும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் அதே புள்ளிகள் இப்போது அதிக இடத்துக்குப் பங்கு பிரிகின்றன. ஓரங்களும் வளைந்து தெரிகின்றன. நடுவில் இருக்கும் 2 மி.மீ. முடிச்சும் ஓரத்தில் இருக்கும் 2 மி.மீ. முடிச்சும் திரையில் ஒரே அளவில் தெரியாது. அளவு சொல்ல வேண்டுமானால், அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள இடுக்கியே பல சமயம் அளவுகோலாகிவிடுகிறது. இன்னொன்று: தட்டையான முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பில், காற்றில் அளந்த கோணம் நீருக்குள் போனதும் சுருங்கிவிடும். நீருக்குள் ஒளி வேறு மாதிரி வளைவதுதான் காரணம்.

இப்போது வெளிச்சம். உள்ளே ஸ்கோப் கொண்டுபோகும் விளக்கைத் தவிர வேறு ஒளி கிடையாது. விளக்கும் கேமராவும் ஒரே முனையில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. இருட்டுச் சுரங்கத்தில் கைவிளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். பக்கத்துச் சுவர் கண்ணைக் கூசும்; பத்தடி தள்ளி இருட்டு. தூரம் இரண்டு மடங்கானால் ஒரே இடத்தில் விழும் ஒளி கால் பங்காகிவிடும் என்பது விதி. 2 மி.மீ. தள்ளி இருக்கும் சுவருக்கும் 10 மி.மீ. தள்ளி இருக்கும் சுவருக்கும் ஒளியில் 25 மடங்கு வித்தியாசம். கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். கிட்டச் சுவருக்காகக் குறைத்தால் தூரம் கறுத்துப்போகும், தூரத்துக்காகக் கூட்டினால் கிட்டச் சுவர் வெள்ளையாக வெளுத்துப்போகும். வெளுத்த இடத்தில் ரத்தக்குழாயின் கோலம் இருந்ததா இல்லையா என்று பிறகு எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. அங்கே பதிவே இல்லை.

முன்பு சொன்ன வம்பு இதுதான். பிரிதிறனுக்காக நெருங்கிப் போனால் சுவர் வெளுக்கும். இன்னும் நெருங்கினால் குவியத்தை விட்டு விலகி மங்கும். முட்டிவிட்டால் திரை முழுக்க ஒரே சிவப்பு. நல்ல படம் கிடைக்கும் தூரம் சில மி.மீ. மட்டுமே. அந்தத் தூரத்தில் ஸ்கோப்பை நிறுத்தி வைக்க வேண்டும், அதுவும் நோயாளி மூச்சு விடும்போது நாளமே மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருக்கும்போது. அனுபவம் உள்ளவர்கள் ஸ்கோப்பை முதலில் மேலே கொண்டுபோய்விட்டு, மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே பார்ப்பார்கள். முன்னால் தள்ளும்போது முனை சுவரில் முட்டும். பின்னால் வரும்போது குழாயின் நடுவில் நிற்க வசதியாக இருக்கும்.

இனி இந்தக் கட்டுரையின் கதாநாயகன், நீர்.

பித்தநீர் மஞ்சள் என்றால் அதில் உள்ள பிலிருபின் என்ற நிறமி நீல ஒளியை விழுங்கிவிடுகிறது என்று அர்த்தம். நீலம் குறைந்த வெளிச்சத்தில் வெளிர் இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும். இது சுத்தமான பித்தநீருக்கே. அடைப்பு உள்ளவரிடம் அதோடு கசடு, சீழ், கல்துகள் எல்லாம் சேர்ந்திருக்கும். சற்று முன்பு எக்ஸ்-ரேக்காகச் சாயம் செலுத்தியிருந்தால் அது வேறு. அந்தச் சாயம் நீரைவிடக் கெட்டியானது. சலைனோடு கலக்கும்போது, சர்க்கரைப் பாகில் தண்ணீர் விட்டால் நெளிநெளியாகத் தெரியுமே, அப்படி நெளியும். அதனால் உள்ளே பார்க்கும் எண்ணம் இருந்தால் சாயத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்வார்கள்.

தீர்வு எளிது: சலைனை விட்டுக் கழுவு, அழுக்கை உறிஞ்சு. நீர் நிரம்பினால் இன்னொரு நன்மையும் உண்டு. ஈரச் சுவர் காற்றில் பளபளக்கும்; நீருக்குள் அந்தப் பளபளப்பு அடங்கிவிடும். நீரின் ஒளிவிலகல் திசுவின் ஒளிவிலகலுக்கு அருகில் இருப்பதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒளி அவ்வளவாகத் தெறிப்பதில்லை. கூழாங்கல்லைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கும் தெளிந்த ஓடைக்குள் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்படியானால் நீரை வாரி இறைத்துவிடலாமே? கூடாது. அடைபட்ட நாளம் மூடிய குழாய் போன்றது. உள்ளே விட்ட நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பித்தநீரில் இருக்கும் கிருமிகள் கல்லீரல் வழியாக ரத்தத்துக்குள் தள்ளப்படும். பரிசோதனைக்குப் பிறகு குளிரும் காய்ச்சலுமாக வரும் பித்தநாள அழற்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். உள்ளே விடும் நீருக்கு ஈடாக வெளியே உறிஞ்சவும் செய்கிறார்கள். தெளிவான படத்துக்கு நோயாளி தரும் விலை என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது. படம் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காக மிதியை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது நல்ல வேலைக்காரருக்கு அழகில்லை என்பேன்.

கல்லை உடைக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். லேசரோ மின்பொறி அலையோ கல்லில் பட்டதும் துகள்களும் குமிழிகளும் கிளம்பித் திரையை மறைக்கும். மின்பொறி முறைக்கு நீர் ஊடகமாகவும் தேவை. குறி தவறி முனை சுவரில் பட்டால் சுவர் கிழியும். அதனால் ஒரு சுடு, நிறுத்து, கழுவு, பார், அப்புறம் அடுத்த சுடு என்றுதான் வேலை நகரும். பார்க்காமல் சுடுவதில்லை.

ஒளியின் நிறத்தையே மாற்றிப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. குறுகிய பட்டை ஒளி என்பார்கள். நீலத்தில் 415, பச்சையில் 540 நானோமீட்டர் அலைநீளம் என்ற இரண்டு பட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வது அது. ஹீமோகுளோபின் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் ரத்தக்குழாய்கள் கறுத்து எடுப்பாகத் தெரியும். இரைப்பையிலும் பெருங்குடலிலும் இது பெரிதும் கைகொடுக்கிறது. பித்த நாளத்திலோ, பித்தநீர் அந்த நீலப் பட்டையை விழுங்கிவிடுவதால், மிச்சமிருக்கும் கொஞ்சம் பித்தநீரே திரையில் ரத்தம் மாதிரி சிவப்பாகத் தெரியும். தெரியாதவர்கள் ரத்தக்கசிவு என்று திடுக்கிட்டுப்போவார்கள். இங்கேயும் முதலில் கழுவியாக வேண்டும்.

சேய் ஸ்கோப்பை விட்டுவிட்டு, 5, 6 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய இரைப்பை எண்டோஸ்கோப்பையே நேராக நாளத்துக்குள் செலுத்தும் வழியும் இருக்கிறது. சென்சார் பெரிது, கருவிப் பாதையும் பெரிது, படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நாளம் நன்றாக வீங்கி, வாசலும் வெட்டி அகலப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். உள்ளே நிலைத்து நிற்கவைப்பதும் பெரும்பாடு. விரிக்கக் காற்றை ஊதினால் அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ரத்தத்தில் எளிதில் கரையும் கார்பன் டை ஆக்சைடையோ சலைனையோதான் பயன்படுத்துவார்கள். அழகான படம் எல்லோருக்கும் எட்டுவதில்லை.

படம் தெளிவாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் எதைத் தேடுகிறார்கள்? விரிந்து கோணல்மாணலாக ஓடும் ரத்தக்குழாய்கள், முடிச்சுகள், விரல்போல நீண்ட துருத்தல்கள், புண், தழும்பு. இவற்றை எல்லோரும் ஒரே மாதிரி பெயர் சொல்லிக் குறிக்கத்தான் மொனாகோ வகைப்பாடு போன்றவை வந்தன. அதில் 8 அம்சங்கள். தேவை இருந்ததால்தான் வந்தது. ஒரே வீடியோவைப் பல நிபுணர்களிடம் காட்டினால் பதில்கள் ஒத்துப்போகாமல் இருந்தன. டிஜிட்டல் படம் அந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது, அடைத்துவிடவில்லை.

படம் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. வழிகாட்டிக் கம்பி உரசிய தடம் நீளமான சிவப்புக் கீறலாகக் கிடக்கும். புண் என்று தோன்றும். அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் சில வாரம் இருந்த இடத்தில் சுவர் தடித்து, சிவந்து, பொரிப்பொரியாக இருக்கும். கட்டி என்று தோன்றும். இவையெல்லாம் மிகக் கூர்மையான படத்திலும் அப்படியேதான் தெரியும். ஓரங்களைச் செயற்கையாகக் கூர்மையாக்கும் பட மெருகேற்றத்தைக் கூட்டி வைத்திருந்தால் இன்னும் பயங்கரமாகத் தெரியும். மெருகேற்றிய படத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும், கொஞ்சம் மங்கலான உண்மைப் படத்தின் மேல் அல்ல.

அதனால் சந்தேகமான இடத்தில் இடுக்கியால் திசுவைக் கிள்ளி எடுத்தே ஆக வேண்டும். 1.2 மி.மீ. பாதை வழியாகப் போகும் இடுக்கி எடுத்து வருவது ஒரு சின்னத் துணுக்கு. ஒன்று போதாது, பல முறை எடுக்க வேண்டும். கிள்ளியதும் ரத்தம் கசியும். முதலில் ஒரு சிவப்பு இழை நீரில் நீளும், அப்புறம் அது விரிந்து புகைபோலப் படரும், பிறகு திரை முழுக்கச் செம்மண் நீர். கழுவினால் கொஞ்சம் விலகும், மீண்டும் வரும். அடுத்தடுத்த கிள்ளல்கள் அரைகுறைப் பார்வையில்தான் நடக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். கழுவ வேண்டியதைக் கழுவி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நிதானமாகப் பின்னிழுத்துப் பார்த்து, வீடியோவைப் பதிந்து வைத்துக்கொண்டு, எங்கெங்கே எடுப்பது என்று முடிவு செய்த பிறகுதான் இடுக்கி உள்ளே போகும்.